நிலக்கரிக் குவியலுக்கடியில் ஒரு வானிலை

நாளை மழை வருமா என்று கணிப்பொறி சொல்லக் கேட்பது நமக்கு அன்றாட வழக்கமாகிவிட்டது. சிக்கலானதோர் இயற்கை அமைப்பைச் சமன்பாடுகளாக்கி, அதன் மாதிரியை இயக்கிப் பார்க்கும் இக்கலையைக் கணிப்பொறி தோன்றுமுன்னரே கையால் செய்து பார்த்தவர் ஆங்கிலேயரான லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன்.

குவேக்கர் சமயத்தவரான அவர் போரிட மறுத்தவர். எனினும் 1916 இல் மருத்துவ ஊர்தி ஓட்டுநராகப் பிரான்சின் போர்முனைக்குச் சென்றார். காயமுற்றோரைச் சுமந்ததுபோக எஞ்சிய பொழுதில், மத்திய ஐரோப்பாவின் வான்வெளியைக் கட்டங்களாகப் பகுத்து, 1910 மே 20 ஆம் நாளின் ஆறு மணி நேர அழுத்த மாற்றத்தைக் கணக்கிட்டார். 1917 இல் ஷாம்பாஞ் சமரின்போது கைப்பிரதி தொலைந்தது. சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கடியில் அகப்பட்டது.

விடையோ பெரும் பிழை. அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. மெய்யில் அது ஏறத்தாழ அசையவேயில்லை. ஆயினும் 1922 இல் வெளியிட்ட நூலில் அப்பிழையை ரிச்சர்ட்சன் ஒளிக்கவில்லை. வட்ட அரங்கொன்றில் 64,000 மனிதக் கணக்கர்கள் அமர்ந்து உலக வானிலையைக் கணிக்கும் கனவையும் அதிலேயே எழுதிவைத்தார்.

வானிலைத் துறை விமான அமைச்சகத்தின்கீழ்ச் சென்றபோது, 1920 இல் பதவி துறந்தவர் அவர். அவருடைய கனவோ படைத்துறை இயந்திரமொன்றில்தான் பலித்தது. பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிக்க அமெரிக்க ராணுவத்துக்கென உருவான எனியாக் கணிப்பொறியில், 1950 இல் சார்னி, ஃப்யோர்டாஃப்ட், வான் நாய்மன் ஆகியோர் 24 மணி நேர முன்கணிப்பைச் செய்தனர். கணக்கு முடியவும் ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது. விரைவலைகளை வடிகட்டிய எளிய சமன்பாட்டை அவர்கள் தேர்ந்தமைக்கு ரிச்சர்ட்சனின் தோல்வியும் வழிகாட்டியாயிற்று. சார்னி அனுப்பிய முடிவுகளைக் கண்டு முதியவர் மகிழ்ந்து வாழ்த்தினார். 1953 இல் மறைந்தார்.

பின்னாளில் பீட்டர் லிஞ்ச் என்னும் அயர்லாந்து அறிஞர் அப்பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். தொடக்கத் தரவில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இடையே இருந்த சமனின்மையே பிழைக்குக் காரணம். அதைச் சீர்செய்தபின் அதே முறை ஏற்கத்தக்க விடையைத் தந்தது. ரிச்சர்ட்சன் தம் எண்களையெல்லாம் அச்சில் விட்டுச் சென்றிராவிடில் இதை நாம் அறிந்திருக்க வழியில்லை.