கோதாவில் எழுந்த வங்காளம்

கல்கத்தாவில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் வங்காளிகளைப் பற்றிக் கேட்டால் ரசகுல்லா, ரவீந்திர சங்கீதம், துர்கா பூஜை, கால்பந்து என்று அடுக்குவார்கள். இந்த ஊரின் மல்யுத்தக் கோதாக்களைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு சமூகம் தேகப்பயிற்சியால் தன் கூச்சத்தையும் பயத்தையும் உதறி எழுந்ததற்கு இந்த ஊரைவிடச் சிறந்த சாட்சி வேறு இல்லை என்பது அடியேனின் துணிபு.

வியாதி எங்கே ஆரம்பித்தது என்று முதலில் பார்ப்போம். 1841இல் மெக்காலே வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வங்காளி உடல் வலுவற்றவன், பெண்தன்மை கொண்டவன், அடங்கிப் போகவே பிறந்தவன் என்ற பொருள்பட அதில் எழுதிவிட்டார். வெள்ளைக்காரன் அப்படி எழுதியதில் ஆச்சரியம் இல்லை. ஆங்கிலம் படித்த வங்காளிகளே அதை நம்பினார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. பத்துப் பேர் ஒருத்தனைப் பார்த்து "நீ நோஞ்சான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பதினோராவது ஆளாக அவனே அதைச் சொல்ல ஆரம்பிச்சிடுவான்.

மாற்று மருந்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் நவகோபால் மித்ரர். 1867இல் தொடங்கிய இந்து மேளாவில் சுதேசிக் கைத்தொழில்களோடு குஸ்தியையும் தேகப்பயிற்சியையும் மேடையேற்றினார். அவர் நடத்திய பயிற்சிக் கூடத்துக்குப் போன சிறுவர்களில் நரேந்திரநாத் தத்தர் ஒருவர். பிற்காலத்தில் உலகம் அறிந்த விவேகானந்தர் இவரே. வட கல்கத்தாவில் அம்பிகா சரண் குஹர் என்ற செல்வந்தர் வைத்திருந்த அகாடாவிலும் அவர் குஸ்தி பழகினார்.

அகாடா என்றால் என்ன? நம் ஊர்க் கோதாதான். பொழுது விடியும் முன் எழ வேண்டும். மண்ணைக் கொத்திப் பதமாக்கி, எண்ணெயும் மஞ்சளும் கலக்க வேண்டும். பிறகு தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. அதன் பிறகுதான் ஜோடி பிடிப்பது. இங்கே ஒரு நுட்பம் இருக்கு. கோதாவில் சேர்ந்தவன் முதலில் படிக்கிற பாடம் ஜெயிப்பது இல்லை, விழுவது. தினமும் முதுகில் மண் ஒட்ட விழுகிறான், எழுகிறான், மறுநாள் அதே ஆளிடம் திரும்பப் போகிறான். ஆறு மாதம் இப்படி விழுந்தவனுக்கு அப்புறம் விழுவதில் என்ன பயம்? தைரியம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். வியாபாரத்திலும் முதல் நஷ்டத்தைப் பார்த்தவன்தான் கடையில் நிலைத்து உட்காருகிறான். இதைச் சொல்வது நாற்பது வருஷக் கல்லாப்பெட்டி அனுபவம்.

அம்பு பாபுவின் பேரன்தான் கோபர் குஹர் (1892-1972). கழுத்து வலுப்பெறக் கனத்த கல் வளையத்தை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தவர். 1921 ஆகஸ்ட் 30ஆம் தேதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆட் சாண்டெலைத் தோற்கடித்து இலகு கனரகப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். மெக்காலே எழுதி அப்போது சரியாக 80 ஆண்டு.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ரவீந்திரநாதரின் தமக்கை மகள் சரளா தேவி தம் வீட்டிலேயே வாலிபர்களுக்குச் சிலம்பமும் வாளும் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். கற்றுக்கொடுத்தவர் முர்தஜா என்ற இஸ்லாமிய ஆசான். 1902இல் பிறந்த அனுசீலன் சமிதியின் பெயருக்கே பயிற்சி என்றுதான் அர்த்தம். உடலும் மனமும் அறிவும் ஒருசேரப் பழக வேண்டும் என்ற பங்கிம் சந்திரரின் கருத்திலிருந்து வந்த பெயர் அது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்தக் கூடங்களில் வளர்ந்த தைரியத்தில் ஒரு பகுதி வெடிகுண்டின் பக்கம் போயிற்று. 1908இல் முசாபர்பூரில் குறி வைத்தது ஒரு நீதிபதியை. இறந்தது இரண்டு ஆங்கிலப் பெண்கள். அதற்காகத் தூக்கு மேடை ஏறிய குதிராம் போஸுக்கு வயது 18. அந்தப் பிள்ளையின் நெஞ்சுரத்தை நினைத்தால் கண் கலங்குகிறது, செயலை ஏற்க மனம் வரவில்லை. எங்கள் சமண புராணத்தில் பாகுபலி கதை உண்டு. அண்ணன் பரதனோடு மூன்று போட்டி: கண் இமைக்காமல் பார்ப்பது, நீரில் பொருவது, மல்யுத்தம். மூன்றிலும் தம்பிக்கே வெற்றி. தலைக்கு மேல் தூக்கிய அண்ணனை ஓங்கித் தரையில் அடிக்காமல் மெல்ல இறக்கிவிட்டுத் தவத்துக்குப் போனான். தூக்கத் தெரிந்தவனுக்குத்தான் இறக்கிவைக்கும் பெருமை. தூக்கவே முடியாதவன் நான் மன்னித்தேன் என்றால் யார் நம்புவா?

மனோகர் ஐச்சைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறையாது. 1912இல் கொமில்லா பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கருங்காய்ச்சல் வந்து உருக்குலைந்தார். தேகப்பயிற்சியால் தேறினார். வளர்ந்த உயரம் 4 அடி 11 அங்குலம்தான். 1942இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே அதிகாரி ஒருவர் காலனி ஆட்சியை ஒட்டிப் பேசிய பேச்சு பொறுக்காமல் அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனார். அறைந்ததை நான் மெச்சவில்லை. சிறையில் என்ன செய்தார் என்பதைத்தான் மெச்சுகிறேன். கருவி ஒன்றும் கிடையாது. சில நாள் 12 மணி நேரம்கூட வெறும் உடம்பை வைத்தே பயிற்சி செய்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார்.

நாடு விடுதலை அடைந்தபோது வெளியே வந்தார். நாலு பிள்ளைகள், கையில் காசு இல்லை. சியால்தா ஸ்டேஷனில் இளநீர் விற்றார். அந்தத் தொழிலைச் சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்பட்டதே இல்லை. 1951இல் லண்டன் போய் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் இரண்டாவதாக வந்தார். நம்மவராக இருந்தால் அதுவே போதும் என்று மாலையைப் போட்டுக்கொண்டு கப்பலேறி இருப்போம். அவர் ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு அங்கேயே இருந்து பயிற்சி செய்தார். 1952இல் அதே போட்டியில் குட்டையர் பிரிவின் பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தார். பிறகு இந்த ஊரிலேயே கூடம் வைத்து இளைஞர்களைப் பழக்கினார். 2016 ஜூன் 5ஆம் தேதி காலமானபோது அவருக்கு வயது 104.