மழை, வெளிச்சம், காணி

கரண்ட் கம்பி எட்டாத லயத்துக்குக் குப்பி லாம்புதான் வெளிச்சம். 1997ல் உலக வங்கி உதவியோடு இலங்கையில் ஒரு எரிசக்தித் திட்டம் தொடங்கியது. வீட்டு சோலருக்குக் கடன் கிடைத்தது. கூரைத் தகடு பகலில் 12 வோல்ட் பெட்டரியை நிரப்பும். ராவில் சில பல்பு, ஒரு சின்ன டிவி ஓடும்.

ஆனா இரத்தினபுரி, கேகாலை மழை நாடு. வானம் நாள்கணக்கா மூடினா பெட்டரி இறங்கும். ரப்பர் மரம் நனைஞ்சா பால்வெட்டு இல்லை, சம்பளமும் இறங்கும். கடன் தவணை மட்டும் இறங்காது.

அதே திட்டம் சப்ரகமுவ கிராமத்து ஓடைகளில் சிறு நீர்மின்சாரத்துக்கும் கடன் கொடுத்தது. அதை ஊர்ச்சங்கங்கள் நடத்தின. அங்கே மழைதான் கரண்ட். லயத்து ஆளுக்கோ ஓடையும் சொந்தமில்லை, காணியும் சொந்தமில்லை. வெளிச்சத்தின் வரலாறு கடைசியில் காணிக் கேள்வியிலதான் வந்து நிக்குது.