அருமையும் எளிமையும்: 'சக்தி' இசைக்குழுவின் மூன்றாம் இசைத்தட்டு

அரியதனை எளிதாக்கின் அது தரத்தில் தாழும் என்பார் உளர். கம்பன் காதையைக் கீர்த்தனைகளாக்கி இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயர் (1711–1779) அக்கருத்தினைப் பொய்ப்பித்தார். எனினும் புதுமுயற்சி இசையைப் பற்றிப் பேசுங்கால் அது மீண்டும் தலைதூக்குகின்றது. தமிழ்க் கலைஞர் பங்குகொண்ட 'சக்தி' என்னும் குழுவின் இசைத்தட்டுகளைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கிலேயரான ஜான் மெக்லாலின், ராக் இசையையும் ஜாஸ் இசையையும் மின்கிதாரின் பேரொலியில் இணைத்த 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'வை 1971இல் நிறுவியவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர்க்கு வீணை பயிற்றியவர், சிலப்பதிகார இசையை ஆராய்ந்த எஸ். இராமநாதன் ஆவர். பின்னர் மெக்லாலின், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன், தபலா ஜாகிர் உசேன் ஆகியோரொடு கூடிச் 'சக்தி'யைத் தோற்றுவித்தார். பேரொலி நீங்கியது, மின்னிணைப்பற்ற கிதார் வந்தது. வீணைபோல் நரம்பினை இழுத்துக் கமகம் காட்டுதற்பொருட்டு அக்கிதாரின் மெட்டுகளுக்கிடையே குழிவு செய்யப்பட்டது.

1975 சூலையில் மேடையிலேயே பதிவாகி 1976இல் வெளிவந்த முதல் தட்டில் உருப்படிகள் மூன்றே. ஒன்று ஏறத்தாழ 29 நிமிடமும், மற்றொன்று 18 நிமிடமும் நீள்வன. இராக விரிவிற் பழகாத மேனாட்டார் செவிக்கு இஃது அரிதாதல் இயல்பே. 1977இல் வெளிவந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்னும் மூன்றாம் தட்டிலோ உருப்படிகள் எட்டு. அவற்றுள் மிக நீண்டனவும் ஏழு நிமிட அளவினவே. ஒன்று இரண்டு நிமிட அளவிற்று. தபலாவோடு போங்கோ, டோலக் முதலியனவும் சேர்ந்தன.

இம்மாற்றத்தால் இழப்பு இல்லை எனல் பொருந்தாது. சுரம் சுரமாக இராகத்தின் வடிவு எழுதற்கும், கேட்போர் காத்திருந்து அதனைக் காண்டற்கும் சிற்றுருப்படியில் இடமில்லை. ஆயினும் சுருங்கியது அளவே, இலக்கணம் அன்று. வயலினின் கமகமும், கடமும் தபலாவும் ஒன்றற்கொன்று விடையிறுக்கும் தாளக் கணக்கும் தளர்ந்தில. சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள. அவை சேர்வராயன் மலையின் உயரத்தைக் குறைப்பன அல்ல. ஏறுவார்க்கு ஏற்றத்தினைப் பகுத்தளிப்பன. இத்தட்டின் எளிமையும் அத்தகைத்தே என்பது எம் துணிபு.

அத்தட்டிற்குப் பின் குழு கலைந்தது. 1997இல் 'ரிமெம்பர் சக்தி' எனப் புத்துருப் பெற்றது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் பங்குகொண்ட 'திஸ் மொமென்ட்' (2023) என்னும் தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது. எனவே, எளிமை உடனே நீள்வாழ்வு தந்திலதேனும், இசைமரபினை அழித்ததும் இல்லை எனலாம்.

சங்கச் செய்யுளை இன்றைய மாணாக்கர்க்குப் பயிற்றும் நமக்கும் இவ்வாராய்ச்சி பயன்படும். எளிய பதிப்பொன்றனை மதிப்பிடுங்கால், எவ்வளவு சுருக்கினர் என்பதினும், எதனைச் சுருக்காது காத்தனர் என்பதே நாம் வினவத் தக்கதாம்.