பள்ளிக்கு வைத்த பெயர்

சிங்கப்பூருக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே விதமாக வந்தவர்கள் அல்லர். நாகூர், காரைக்கால் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களில் பலர் வணிகர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே கடை நடத்தினார்கள். அவர்களின் பிள்ளைகள் ஊரிலேயே ஓதிப் படித்து வளர்ந்தார்கள். பல வருடங்கள் தகப்பனாரைக் கடிதத்தில்தான் கண்டார்கள்.

கடையநல்லூர்க்காரர்களின் கதை வேறு. தறியை நம்பி வாழ்ந்த அவர்களில் பலர், நெசவு நலிந்தபோது மனைவி மக்களோடு கப்பலேறினார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஆண்கள் துறைமுகக் கூலிகளாக உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள்.

பிள்ளைகள் இங்கே இருந்ததால் பள்ளியும் இங்கே தேவைப்பட்டது. 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பாடியவரின் பெயர் வாசலில் இருந்தது. அதைத் தினமும் பார்த்த பிள்ளைக்கு, "நான் தமிழனா, முஸ்லிமா?" என்று கேட்டுக் குழம்ப வேண்டியிருக்கவில்லை. தன்னைப் பற்றிய அந்தத் தெளிவே படிப்புக்கு முதல் மூலதனம்.

பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சமயம் பாராமல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடமளித்தது. ஆனால் வேலைக்கு ஆங்கிலமே வழி என்றானபோது, பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. கூலிவேலை தங்களோடு முடியட்டும் என்றே அவர்கள் நினைத்தார்கள். மாணவர் தொகை குறைந்து, 1982இல் பள்ளி மூடப்பட்டது. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், மதரசாவில் அரபு எழுத்தும், அக்கம்பக்கத்தில் மலாயும் பழகுகிறார்கள். சிலர் தாய்மொழிப் பாடமாக மலாயையே எடுக்கிறார்கள். இத்தனை மொழிகள் பிள்ளைக்குச் சுமையல்ல. ஆனால் தமிழுக்கு வீட்டில் இடமில்லாமல் போனால், பாட்டியின் பேச்சு பேரனுக்கு அந்நியமாகிவிடும். அந்த நாளில் கூலிக்காசில் ஒரு பள்ளியே எழுந்தது. இன்று நம்மிடம் கேட்கப்படுவது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு தமிழில் பேசுவது மட்டுமே. அதைச் செய்ய அல்லாஹ் நமக்குத் துணை செய்வானாக.