புட்டிக்குள் இருந்த சேர்வராயன் பாம்பு

சேர்வராயன் மலையின் ஈரமண்ணுக்குள் மண்புழு தின்று வாழும் சிறு பாம்பு ஒன்று உண்டு. கூர்ந்த தலை, திடீரென்று முடிந்துபோகும் சொரசொரப்பான வால், நீலம் கலந்த கருப்பு உடலில் மஞ்சள் பட்டைகள். முட்டையிடாமல் குட்டி போடும். நஞ்சு கிடையாது. மழை நாளில் வெளியே வந்தால் ‘இருதலைப் பாம்பு’ என்று அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

மதராஸ் மாகாண வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் இதைப் புதிய இனம் என்று கண்டு, 1863இல் எழுதி வெளியிட்டார். சேர்வராயன் மலையைப் பற்றி விரிவாக எழுதியவரும் பின்னாளில் ஏற்காட்டிலேயே மறைந்தவருமான மருத்துவர் ஜான் ஷார்ட்டின் பெயரை அதற்கு வைத்தார். சாராயத்தில் ஊறிய பாம்புகள் கப்பலேறி லண்டன் போய், பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்தன. ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது கையில் இருந்த உடல்தான், அதாவது மூல மாதிரிதான், அந்தப் பெயருக்கு ஆதாரம். பின்னால் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தப் புட்டியைத்தான் திறக்க வேண்டும்.

1881இல் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவு தெற்கு கென்சிங்டனுக்கு மாறியது. சாராயப் புட்டிகளால் தீப்பிடிக்குமோ என்ற அச்சத்தால் அவற்றுக்குத் தனிக் கட்டடம் எழுப்பினார்கள். சேர்வராயன் பாம்புக்கு ஆபத்து தீயால் வரவில்லை, அங்கிருந்த ஒரு பெரிய அறிஞரின் பேனாவால் வந்தது. 1893இல் பாம்புப் பட்டியல் தயாரித்த பூலாஞ்சே, இதைத் தனி இனமாக ஏற்காமல் மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னோர் இனத்தோடு சேர்த்துவிட்டார். 1943இல் ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித்தும் அப்படியே விட்டார். கடைசியில் அது போய்ச் சேர்ந்த பெயர் இலங்கையைக் குறிப்பது. அந்த இனமோ இலங்கையில் இல்லவே இல்லை! ஒரு மலைக்கு மட்டுமே உரிய உயிரை எங்கும் கிடைப்பதாக எழுதிவிட்டால் அதைக் காப்பாற்ற யாருக்குத் தோன்றும்? நூறாண்டுக்கு மேல் நடந்த இந்தத் தவறு எனக்கு இன்றும் வலிக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்தபோது, மூல மாதிரிகளை நகருக்கு வெளியே கொண்டுபோய்ப் பாதுகாத்தார்கள். திரும்பி வந்த ஊர்வன, நீர்நில வாழ்வன மாதிரிகளுக்கு 1946 என்று தொடங்கும் புது எண்கள் கிடைத்தன. அந்த அக்கறைக்கு நாம் நன்றி சொல்லியே ஆகவேண்டும். சாராயத்தில் மஞ்சள் நிறம் வெளுத்துப்போகலாம், ஆனால் வயிற்றுச் செதில்களை எப்போது வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

எஸ்.ஆர். கணேஷும் உடன் ஆய்வாளர்களும் செதில் கணக்கு, நிறம், வாழிடம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது தனி இனமே என்று 2014இல் நிறுவினார்கள். பெட்டோம் வைத்த பெயர் உயிர்பெற்றது.

அதோடு கதை தெற்கே நகர்ந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆமணக்கும் மரவள்ளியும் விளையும் வறண்ட மண் கிடக்கிறது. ஈரத்தைவிட்டு வாழ முடியாத பாம்புக்கு அந்தச் சமவெளி கடல்தான். அப்படியானால் சமவெளிக்கு அப்பால் கொல்லிமலையில் இருக்கும் இதே வகைப் பாம்பு எது? அது வேறு இனம் என்று 2020இல் கணேஷும் அச்சுதனும் எழுதினார்கள். பழுப்பு உடல், பட்டைக்குப் பதில் மஞ்சள் புள்ளிகள், வயிற்றுச் செதில்களும் சற்றுக் கூடுதல். இவ்வகைப் பாம்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்த தமிழகப் பேராசிரியர் எம்.வி. இராஜேந்திரனின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் மூல மாதிரி கப்பலேறவில்லை. சென்னை கிண்டி பாம்புப் பண்ணையின் சேகரிப்பில் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து ஒரு மாணவர் இரவு பஸ் பிடித்தால் மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம்.