மகரிஷி மகேஷ் யோகி

ஆழ்நிலைத் தியானம் என்னும் பயிற்சியை உலகெங்கும் பரப்பிய இந்திய ஆன்மிக ஆசிரியர். இயற்பெயர் மகேஷ் பிரசாத் வர்மா. பிறந்த ஆண்டு 1911, 1917, 1918 என நூலுக்கு நூல் மாறுகிறது. தம் முன்வாழ்வைப் பற்றி அவர் பேசியதே அரிது.

அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றபின், ஜோதிர்மடத்துச் சங்கராச்சாரியார் பிரம்மானந்த சரஸ்வதியிடம் சேர்ந்து, 1953இல் குரு மறையும்வரை அவருக்குச் செயலராக இருந்தார். பிராமணர் அல்லாத காயஸ்த குலத்தவர் என்பதால் மடாதிபதிப் பொறுப்புக்கு அவர் வர வழியில்லை. உத்தரகாசியில் சில காலம் தனித்திருந்தார். 1955இல் கேரளத்தில் பேசத் தொடங்கினார். அவருடைய ஆன்மிகப் புத்துயிர் இயக்கம் உருப்பெற்றது சென்னையில், 1957-58இல். 1958இல் பர்மா வழியாகக் கிழக்கே புறப்பட்டவர் மறு ஆண்டு அமெரிக்கா சேர்ந்தார்.

அவர் கற்பித்தது எளிமையானது. ஆசிரியர் தரும் மந்திரத்தைக் கண்மூடி மனத்துள் ஒலிக்கவிட வேண்டும். காலையும் மாலையும் 20 நிமிடம் போதும். மனத்தை வலிந்து அடக்க வேண்டாம், வீட்டையும் வேலையையும் துறக்க வேண்டாம். துறவிக்கு உரியதாகக் கருதப்பட்ட தியானத்தை இல்லறத்தாரின் அன்றாடத்துக்குள் கொண்டுவந்ததே அவருடைய பெரும்பணி. இதற்கு அவர் கட்டணம் பெற்றதை இந்தியாவில் பலர் ஏற்கவில்லை.

1967 ஆகஸ்டில் லண்டனில் பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் அவர் உரையைக் கேட்டனர். 1968 பிப்ரவரியில் ரிஷிகேஷ் ஆசிரமத்துக்கே வந்தனர். அங்கே பிறந்த பாடல்கள் பல அவ்வாண்டு இறுதியில் வெளியான அவர்களது இரட்டை இசைத்தட்டில் இடம்பெற்றன. குருவின் நடத்தை பற்றிக் கிளம்பிய வதந்தியால் அக்குழுவின் ஜான் லென்னான் மனம் கசந்து வெளியேறினார். அந்த வதந்தி நிறுவப்படவே இல்லை. ஆயினும் இன்றுவரை அவர் பெயர் இந்த நட்பைக்கொண்டே பேசப்படுவது அவருக்கு நேர்ந்த குறை. அதைவிட நிலைத்த விளைவு ஆய்வுக்கூடங்களில் உண்டானது. தியானத்தின்போது உடலின் ஆக்சிஜன் தேவை குறைவதாக உடலியல் ஆய்வாளர் ராபர்ட் கீத் வாலஸ் 1970இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். தியானம் மருத்துவ ஆய்வுக்குரிய பொருளானதில் இக்கட்டுரைக்குப் பங்குண்டு.

1971இல் அமெரிக்காவில் தொடங்கிய அவரது பல்கலைக்கழகம் 1974இல் அயோவா மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டுக்கு இடம்பெயர்ந்தது. நியூஜெர்சி அரசுப் பள்ளிகளில் இப்பயிற்சி கற்பிக்கப்பட்டதை, அது சமயத்தன்மை உடையது எனக் கூறி 1977இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. தியானம் மூலம் அந்தரத்தில் எழலாம் என்ற அவரது பிற்காலக் கூற்றுக்குச் சான்று இல்லை. அது அவருடைய முந்தைய பணியின் மதிப்பையும் குறைத்தது.

1990 முதல் நெதர்லாந்தின் வ்லோட்ராப் ஊரில் வாழ்ந்து, 2008 பிப்ரவரி 5 அன்று அங்கேயே மறைந்தார். உடல் அலகாபாத்தில் எரியூட்டப்பட்டது. திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2005இல் தொடங்கிய அறக்கட்டளை இம்முறையை மாணவர்களுக்கும் முன்னாள் போர்வீரர்களுக்கும் கற்பிக்கிறது.