உல்லம் ஏறாத ஆறு



மழைக்காலம் வந்துவிட்டால், "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது" என்று செய்தி வரும். அந்த 'வீணாக' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உல்லம் என்றொரு மீன் உண்டு. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதேதான். வாழ்வது கடலில், முட்டையிடுவது ஆற்றில். வெள்ளம் கடலில் வந்து சேரும்போது, அந்த நன்னீரை எதிர்த்து மேலே ஏறும். குஞ்சுகள் ஆற்றில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். ஆக, நாம் வீண் என்று சொல்லும் வெள்ளம்தான் அதற்கு அழைப்பு ஓலை.

காவிரி மணல் மேடிட்டு, தண்ணீரெல்லாம் தாழ்வான கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். தஞ்சை வயல்கள் பிழைத்தன. அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் கொள்ளிடம் வழியே ஏறிய உல்லத்துக்குக் கீழணை சுவராக நின்றது. அணைகளால் மீன்வளம் கெடுகிறது என்று 1860களில் அரசுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அதே காட்டனும் ஒருவர்! பிறகு பிரான்சிஸ் டே நாடெங்கும் ஆராய்ந்து 1873இல் நன்னீர் மீன்கள் பற்றி அறிக்கை கொடுத்தார். மீன் ஏறிப்போக அணையில் வழி வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஆனால் சால்மன் மீனைப் போலத் துள்ளித் தாண்டும் மீன் அல்ல உல்லம்.

1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கீழணை மறித்தது வழியை; மேட்டூர் மாற்றியது காலத்தையே. ஆடியில் பெருகி வந்த வெள்ளத்தைத் தேக்கி வைத்து, பயிருக்குத் தேவையான நாளில் தேவையான அளவு விட்டோம். பயிருக்கு அது சரி. மீன் நம் நாட்காட்டியைப் பார்ப்பதில்லையே! 1942இல் தேவநேசன் என்ற மீனியல் அறிஞர், கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆறுகளின் அணைகள் உல்லத்தை எப்படிப் பாதித்தன என்று தனிக் கட்டுரையே எழுதினார்.

உல்லம் மட்டுமல்ல. வெள்ளம் கரையோரத் தாழ்நிலங்களில் பரவினால்தான் கெண்டை இனங்கள் பல முட்டையிடும். வண்டல் வராவிட்டால் கழிமுகம் கரையும். நன்னீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். இதைக் கடைமடை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அணைகளை இடிக்கச் சொல்லவில்லை. குறுவைக்கு இவ்வளவு, சம்பாவுக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறோமே, அதில் ஆற்றுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டாமா? அந்தப் பங்கும் ஆற்றுக்கு உரிய பருவத்தில் ஓட வேண்டும்.

கொள்ளிடக் கரையில் இருக்கும் நண்பர்கள், வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், உல்லம் பற்றிக் கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அவர்கள் சொன்னால்தான் உண்டு.